வீடு போயிடுச்சு

வீட்டுத் தரகு கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் சகாயமேரி அதிகம் பேசுவதில்லை. ஒப்பந்தம் எப்படி எழுதுவது, தண்ணீர் எப்போது வரும் என்று பக்கத்து வீட்டில் எப்படிக் கேட்பது, இதெல்லாம் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும். கடைசி ஞாயிறு ஒரே ஒரு வரி சொல்வார்.

"வீடு கேட்டு வந்தவங்ககிட்ட, இருக்கிற வீட்டை இல்லைன்னு சொல்லாதீங்க."

அவ்வளவுதான். பிறகு டீ வந்துவிடும்.

திருச்சியில் தரகர் சங்கம் நடத்துகிற வகுப்பு அது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். வகுப்புக்கு வந்தால்தான் சங்க அட்டை கிடைக்கும் என்பதால் வருகிறார்கள். அந்த வரியைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்தார்கள்.

"டீச்சர், அப்ப நாங்க எல்லாம் இட்லிக் கடை போட வேண்டியதுதான்."

"போடுங்க. அங்கயும் வந்து உக்காந்தவங்களுக்கெல்லாம் இலை போடணும்."

மறுபடி சிரிப்பு. திருநாவு மட்டும் சிரிக்கவில்லை.

திருநாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சகாயமேரியைவிடப் பத்து வயது மூத்தவர். ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்து, முட்டி தேய்ந்துபோய் வெளியே வந்தவர். செருப்பைக் கழற்றுகிற தினுசிலேயே வந்தவர் எந்த விலைப் புடவை கேட்பார் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் தரகுக்கும் உதவியது. தொழிலுக்கு வந்து ஆறு மாதத்தில் வீட்டுக்காரர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

எல்லோரும் போனபின் அவர் தயங்கி நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"ஓனர் ஒருத்தர் இருக்கார். இன்னாருக்கு வேணாம்ங்கிறார். அவர் வீடு, அவர் இஷ்டம். வந்தவங்ககிட்ட போய் 'உங்களுக்குத் தர மாட்டாங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு நோகும். 'இப்பத்தான் வீடு போயிடுச்சு'ன்னு சொன்னா யாருக்கும் நோகாது. அதுல என்ன தப்பு?"

சகாயமேரி டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவா யாருக்குச் சொன்னீங்க?"

திருநாவு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தமயந்தின்னு ஒரு பொண்ணு. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. புருஷனுக்கு முதுகெலும்புல அடி, சக்கர நாற்காலி. இருக்கிறது ரெண்டாவது மாடியில. கீழ்வீடு ஒண்ணு வேணும், அந்த மனுசனை வெளிய இறக்கணும்னு கெஞ்சுது. ரயில்வே லைனுக்கு மேற்கால வைத்திலிங்கம் சார் வீடு காலியா இருக்குல்ல, அதைக் கேட்டுச்சு."

"வைத்திலிங்கம் சார் யாருக்கு வேணாம்னு சொன்னாரு?"

"அவர் எங்க சொன்னாரு? 'நல்ல மாதிரியா பாருங்க, உங்களுக்குத் தெரியாததா'ன்னாரு. புரிஞ்சுக்கறதுதானே நம்ம தொழில்."

"என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?"

"அந்தப் பொண்ணுகிட்ட போன்ல பேச்சுவாக்குல சொந்த ஊரு கேட்டேன். பெரம்பலூர் பக்கம்னுச்சு. ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் 'தள்ளித்தான்ணே'ன்னுச்சு." திருநாவு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம் என்னத்தைக் கேக்கறது? சாயங்காலம் வரைக்கும் விட்டுட்டு, வீடு போயிடுச்சும்மான்னு சொல்லிட்டேன்."

சகாயமேரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்களுக்குப் போன் போடுங்க. வீடு போகலைன்னு சொல்லுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"என்ன தப்புன்னு நீங்கதானே கேட்டீங்க."

திருநாவு போன் போட்டார். ஒரு நிம்மதி வந்திருந்தது அவருக்கு. டீச்சரிடம் ஏதோ வழி இருக்கிறது, வைத்திலிங்கத்தைப் பேசியே மடக்கிவிடுவார் என்று நினைத்தார். அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைத்தால் அவருக்கும் சந்தோஷம்தான்.

தமயந்தி லேப் கோட்டோடு வைத்திலிங்கத்தின் தெருமுனைக்கு வந்து சேர்ந்தார். ரப்பர் கையுறை ஒன்று பாக்கெட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"அரைமணி பர்மிஷன்தான்ணே. எனக்கு முன்னாடி யாரும் வந்துடலையே?"

"இல்லம்மா."

"ரத்தம் எடுத்துக்கிட்டிருந்த ஆளை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். ஊசியை உருவிட்டுத்தான் வந்தேன், பயப்படாதீங்க."

மூவரும் நடந்தார்கள். தெரு முழுக்க வேலி போட்ட வீடுகள். சகாயமேரி கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"ஆடியில ஆஸ்பத்திரிக்கு நாலு பேரு தூக்கிட்டு இறங்கினாங்க. அதுக்கப்புறம் இறங்கல. ஜன்னல்லயே இருப்பார். ஒயரிங் வேலை பாத்தவரு இல்லையா, எதிர்ல கரண்ட் கம்பத்தைப் பாத்துத் திட்டிக்கிட்டே இருப்பார். 'ஒயரை எப்படிக் கட்டியிருக்கான் பாரு, காக்கா இதைவிட ஒழுங்காக் கட்டும்'பார்." தமயந்தி சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "இப்ப கொஞ்ச நாளா கம்பத்தை விட்டுட்டு என்னைத் திட்டறார்."

"எதுக்கு?"

"வீடெல்லாம் கை நழுவுதுல்ல டீச்சர். நான் ஆடி அசைஞ்சு போறேனாம்."

திருநாவு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

வைத்திலிங்கம் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருந்தார். கீழ்வீட்டுச் சாவியோடு இறங்கி வந்து அவரே கதவைத் திறந்துவிட்டார். வாசலில் படி இல்லை. ஸ்கூட்டர் ஏற்றுவதற்கென்று சிமெண்ட் சரிவு போட்டிருந்தார்கள். தமயந்தி அந்தச் சரிவில் காலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை. கதவின் அகலத்தைச் சாணால் அளந்தார். உள்ளே போய்க் குளியலறைக் கதவையும் அளந்தார். அளந்து முடித்ததும் கையை அப்படியே கதவு நிலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு திருநாவு இவங்க?" என்றார் வைத்திலிங்கம்.

பதில் சகாயமேரியிடமிருந்து வந்தது.

"இவங்க தமயந்தி சார். ஆஸ்பத்திரியில வேலை. வீட்டுக்காரருக்கு நடக்க முடியாது, அதனால கீழ்வீடு வேணும். நீங்க கேக்கிற வாடகைக்குச் சம்மதம்."

"வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"ஒயரிங் சார்," என்றார் தமயந்தி. "கதிரேசன்னு பேரு."

"எந்தக் கதிரேசன்? மஞ்ச வண்டியில வருவானே, நம்ம கதிரேசனா?"

"ஆமா சார்."

வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே. இந்த வீட்டு ஒயரிங்கே அவன்தாம்மா. மோட்டார் நின்னா போன் போட்ட கையோட வந்து நிப்பான். மழைன்னு பாக்க மாட்டான், வெயில்னு பாக்க மாட்டான். என்னாச்சு அவனுக்கு?"

"ஏணி சரிஞ்சு விழுந்துட்டார் சார்."

"த்சொ த்சொ. தங்கமான பையன்." சுவிட்சு போர்டைத் தடவினார். "இதோ, இந்த போர்டு அவன் மாட்டினதுதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு ஸ்க்ரூ லூஸ் ஆகல."

திருநாவுக்குக் காரியம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப சாவியைக் குடுத்துடலாமா சார்?" என்றார் சகாயமேரி.

வைத்திலிங்கத்தின் கை போர்டிலேயே நின்றது.

"டீச்சர், நீங்க கொஞ்சம் இப்படி வாங்களேன்."

"இங்கயே சொல்லுங்க சார். வீடு கேக்கறது அவங்கதானே."

"அதுக்கில்ல..." திருநாவு பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட நான் சொல்லியிருந்தேனே."

"என்ன சார் சொல்லியிருந்தீங்க?" என்று கேட்டார் சகாயமேரி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப தடை ஒண்ணும் இல்லைல்ல சார்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் அதெல்லாம் பாக்கற ஆளே இல்ல. வீட்டுல அவங்க கொஞ்சம்... அப்புறம் தெருவுல நாலு பேரு..."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

வைத்திலிங்கம் தமயந்தியைப் பார்த்தார். தமயந்தியின் கை இன்னும் நிலையில்தான் இருந்தது. வைத்திலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீடு போயிடுச்சும்மா."

தமயந்தி திரும்பிக் காலி அறையைப் பார்த்தார். சுவரில் பழைய காலண்டரின் ஆணி மட்டும் இருந்தது.

"யாருக்கு சார்?" என்றார் சகாயமேரி.

"என்னம்மா இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி."

"யாருக்குப் போச்சு சார்?"

வைத்திலிங்கம் சாவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பேசியபோது குரலில் கோபமே இல்லை. காய்ச்சல்காரனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்போல இதமாகத்தான் சொன்னார்.

"வேலைக்கு வர்றது வேற, குடி வர்றது வேறம்மா. உங்க ஆளுங்களுக்கு இந்தத் தெருவுல யாரும் குடுக்கறதில்ல. கதிரேசனுக்கே அது தெரியும்."

எல்லோரும் வெளியே வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருநாவிடம் சொன்னார்:

"உங்களை நம்பித்தானே விட்டேன். இத்தனை வருஷத்துல இந்த வார்த்தையை நான் வாயால சொன்னதே கிடையாது. சொல்ல வச்சிட்டீங்க. இனிமே நீங்க இந்தப் பக்கம் வர வேணாம்."

மாடிப்படி ஏறினார். பாதியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"கதிரேசனை நான் விசாரிச்சேன்னு சொல்லும்மா."

மூவரும் தெருமுனை வரை நடந்தார்கள். ஒரு பூட்டிய கடையின் நிழலில் தமயந்தி நின்றார். கோட்டுப் பாக்கெட்டிலிருந்த கையுறையை எடுத்து, விரல் விரலாக உள்ளே தள்ளி, மறுபடி பாக்கெட்டில் வைத்தார்.

"அவருக்குத் தெரியாது," என்றார்.

"என்னம்மா?"

"கதிரேசனுக்கே தெரியும்னு அந்த சார் சொன்னாருல்ல. அவருக்குத் தெரியாது. ஊர்லதான் அதெல்லாம், டவுன்ல கிடையாதும்பார். 'எத்தனை வீட்டுக்குள்ள போயிருக்கேன், படுக்கை ரூம் வரைக்கும் போய் ஃபேன் மாட்டியிருக்கேன், ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டதில்ல'ம்பார். எனக்குச் சந்தேகம் வரும். சொன்னா, 'உனக்கு ஓட முடியல, அதுக்கு ஒரு சாக்கு'ம்பார்."

சகாயமேரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன வாரம் ஒண்ணு சொன்னார். 'நான் மேலயே கிடந்தாத்தான் உனக்கு வசதி. அதான் வேணும்னே லேட்டாப் போற'ன்னார். அதுலேர்ந்து என் கையால சாப்பிடறதில்ல. பக்கத்து வீட்டு அக்கா வந்து ஊட்டுது."

திருநாவு தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"உங்ககிட்ட நான் கேட்ட வீடு இது ஒண்ணு மட்டும் இல்ல. பால் டிப்போ எதிர்ல ஒண்ணு சொன்னீங்க. பச்சை கேட் போட்டது ஒண்ணு. சர்ச்சுக்குப் பின்னாடி ஒண்ணு, அதுக்கு நான் ஆட்டோவுல வந்தேன். எல்லாமே போயிடுச்சுன்னீங்க. எதெது நிஜமா போச்சு, எதெது இந்த மாதிரி போச்சு?"

திருநாவு வாயைத் திறந்தார்.

பச்சை கேட் கண்ணில் வந்தது. கேட்டுக்குப் பின்னால் நின்ற கார் வந்தது. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பது வரவில்லை. பால் டிப்போ வீட்டை அவர்தான் முடித்துக்கொடுத்தார். தமயந்தி கேட்பதற்கு முன்னாலா பின்னாலா என்பது தெரியவில்லை. 'இப்பத்தான் போச்சும்மா' என்று எல்லாவற்றுக்கும் ஒரே குரலில்தான் சொல்லியிருந்தார்.

"பாத்துச் சொல்றேம்மா," என்றார்.

"எது நான் லேட்டாப் போனதால போச்சு, எது அதனால போகலைன்னு அவர்கிட்ட பிரிச்சுச் சொல்லணும். மொத்தமாச் சொன்னா நம்ப மாட்டார்." தமயந்தி முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "நம்பிட்டார்னாதான் பயமா இருக்கு. இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு நான்தான் வெளிச்சம் போட்டேன்னு சொல்லிக்கிட்டுக் கிடக்கிற மனுசன். அது ஒண்ணுதான் மிச்சம் அவருக்கு."

நேரத்தைப் பார்த்தார். பர்மிஷன் முடிந்திருந்தது. போகிறேன் என்று சொல்லாமலே வேகமாக நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அந்த நடை தானாகவே தளர்ந்துவிட்டது. அப்படியே போய்த் தெரு திருப்பத்தில் மறைந்தார்.

திருநாவு கடைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"நீங்க ஏதோ வழி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன் டீச்சர்."

"வழி ஒண்ணும் இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணை வரச் சொன்னீங்க? நிக்க வச்சு அறுத்து விட்டாச்சு. நான் சொன்ன பொய்யோட விட்டிருந்தா வேலையாவது பாத்துக்கிட்டிருக்கும்."

"யாருக்கும் நோகாதுன்னீங்க. பாக்கலாமேன்னு வந்தேன்."

"வீடு கிடைச்சுதா?"

"இல்ல."

"இப்படி மூஞ்சிக்கு நேரா பேச வச்சு, எந்த வருஷமாவது, யாருக்காவது, ஒரு வீடு வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

சகாயமேரி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லண்ணே."

"அதான் வகுப்பு எடுக்கறீங்க."

"ஆமா. ஓனருங்க என்னைக் கூப்பிடறதில்ல. சங்கத்துல பாவம் பாத்து வகுப்பைக் குடுத்தாங்க."

தான் சொன்ன வார்த்தை திருநாவுக்கே கசந்தது. எதிரே ஒரு வீட்டு வாசலில் 'டு லெட்' பலகை தொங்கியது. கீழே அவருடைய போன் நம்பர்தான் இருந்தது. மேல்சட்டைப் பையில் போன் அடித்தது. வீட்டு ஓனர் யாரோ. எடுக்கவில்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்கண்ணே."

"எடுத்து என்ன சொல்றது? நல்ல மாதிரியா பாருங்கம்பாங்க. சரின்னா அந்தப் பொண்ணு மாதிரி இன்னொருத்தி ஓடி வரும். முடியாதுன்னா அடுத்த தரகருக்குப் போன் போவும். அவன் சரிம்பான். நான் சொன்னாலும் சொல்லாட்டியும் வீடு அவங்களுக்கு இல்ல. அப்புறம் எதுல என்ன தப்பு, எதுல என்ன சரி? நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல டீச்சர்."

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீங்க சொல்லிட்டீங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா இல்ல. எது போச்சு, எது போகலைன்னு எனக்கே இப்ப தெரியல."

சகாயமேரி அவரைப் பார்த்தார். திட்டுகிற பார்வையாக இல்லை அது. களைத்துப்போயிருந்தது.

"அதையே போய் அவங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்க. ரெண்டாவது மாடி. முட்டி வலிச்சாலும் நீங்க ஏறிடலாம்ணே."